அண்ணை கழுவிய செவ்வரத்தை

மகளின் திருமணத்துக்காகப் பீங்கான் தட்டில் செவ்வரத்தைப் பூ வரைந்து, சூளையில் சுடக் கொடுக்குமுன் லண்டன் கிங்ஸ்பரியில் எங்கள் வீட்டுச் சமையலறையில் காயவைத்திருந்தேன். சாப்பிட வந்த அண்ணை அதைக் கழுவிவிட்டார். சுடாத வண்ணம் தண்ணீரோடு போய்விட்டது.

“ஊத்தையாக் கிடந்தது, தங்கச்சி.”

“ஒருநாளும் சட்டி கழுவாத மனுசன், இண்டைக்கு ஏன் கழுவினனீங்கள்?”

தூரிகையைக் குப்பையில் எறிந்தேன். திரும்ப எடுக்க வைத்தவள், ஓவிய வகுப்பில் நான் பாடமாகப் படித்து அறிந்த ஒரு வெள்ளைக்காரி. ஆங்கிலேயர் காலத்தில் இலங்கைத் தோட்டத்துரை ஒருவரின் மனைவி. நம் பூக்களைப் பீங்கானில் வரைந்து, சுடுவதற்காக லண்டனுக்குக் கப்பலில் அனுப்பினாள். சுடாத அந்தப் பூக்கள் பாதி வழியிலேயே அழிந்துபோயின. மறுபடியும் வரைந்தாள்.

எங்களை ஆண்ட அவளுடைய ஆட்கள் மேல் எனக்குள்ள கோபம் குறையாது. ஆனாலும் மகளின் தட்டில் இன்று பூ இருப்பது அவளால்தான். அவளுக்கு நன்றி. இரண்டாவது பூ இன்னும் நன்றாக வந்தது. அதை அண்ணையிடம் சொல்லவில்லை.