அடுப்புக்கு மேலே காய்ந்த காட்ரிஜ்

என் தாய்மாமா ஊரை விட்டுப் போனதற்குத் தேயிலைத் தோட்டத்து மேனேஜர் துரைதான் காரணம் என்று, நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளில், லயத்தில், எல்லாரும் சொன்னார்கள். எனக்குத் தெரிந்து காரணம் ஒரு தீப்பெட்டியில் பாதிகூட இல்லாத சாமான்.

மாமாவுக்குத் தோட்டத்து வேலைப் பதிவேட்டில் பெயர் இல்லை. ஆட்களை நிறுத்தி வேலை பிரிக்கும் காலைப் பெரட்டில், மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கையாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிருக்கிறார். அன்றோடு பெயரை வெட்டிவிட்டார்கள். பெயர் இல்லாதவர் லயத்தில் தங்கக் கூடாது. ஆனால் மாமாவிடம் ஒரு பாட்டுச் செட்டு இருந்தது. சாவி கொடுத்தால் சுற்றும் இசைத்தட்டு மெஷின், கார் பேட்டரியில் வேலை செய்யும் ஆம்ப்ளிஃபயர், பூசணிப்பூ மாதிரி வாய் விரிந்த ஒரு குழாய். ஆடி மாதம் அம்மன் திருவிழாவுக்கு அது பாடியாக வேண்டும் என்பதால் பெரிய கங்காணி அவரைக் கண்டும் காணாமல் விட்டிருந்தார். பாட்டு இருக்கும்வரைதான் மாமாவுக்கு எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் இடம்.

அந்த வருஷம் மழை விடவேயில்லை. திருவிழாவுக்குச் சில நாள் முன்னால் பாட்டு சளி பிடித்ததுபோல மங்கிப்போனது. ஊசியைப் பிடித்திருக்கும் அந்தக் குட்டிச் சாமானுக்குக் காட்ரிஜ் என்று பெயர். மாமா அதைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்தார்.

“ஈரம் ஏறிப்போச்சுக்கா. பேட்டரிக்குச் சார்ஜ் போட்டுட்டு வந்துர்றேன். அதுவரைக்கும் ஈரம் படாம பத்திரமா வைங்க.”

எங்கள் பக்கம் ஈரத்துக்கு ஒரே மருந்துதான். கம்பளி, தம்பியின் துணி, விறகு, கருவாடு எல்லாமே அடுப்புக்கு மேலே கட்டிய பரணில்தான் காயும். அம்மா காட்ரிஜைத் துணியில் முடிந்து, நெருப்புக்கு நேர் மேலே, தம்பியின் துணியைத் தள்ளிவைத்து அதற்கு இடம் கொடுத்தாள். எங்கள் வீட்டில் அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. மாமா திரும்பி வந்ததும் பெருமையாக எடுத்து நீட்டினாள்.

“தொட்டுப் பாருடா, எப்படிக் காஞ்சிருக்குன்னு.”

“பொட்டு ஈரம் இல்லக்கா!” என்று மாமாவும் சிரித்தார்.

மாட்டிப் பார்த்தால் செட்டு ஊமையாகிவிட்டது. தட்டு சுற்றியது, ஊசி உரசியது, குழாயிலிருந்து மூச்சுக்கூட வரவில்லை.

மறுநாள் மாமா அட்டன் டவுனுக்குக் கிளம்பினார். அழுது அடம்பிடித்து நானும் ஒட்டிக்கொண்டேன். அங்கே ரேடியோ ரிப்பேர் கடைக்காரரை எல்லாரும் ‘நானா’ என்பார்கள். அவர் காட்ரிஜைப் பிளேடால் நெம்பித் திறந்தார். உள்ளே வெள்ளையாக ஏதோ கசிந்து ஒட்டிக்கிடந்தது.

“இது ஒரு ஜாதி உப்புக்கட்டி தம்பி. இதுலதான் பாட்டே இருக்கு. ஈரத்துல மங்கும், கொஞ்ச நாள்ல தெளிஞ்சாலும் தெளியும். சூட்டுல வெச்சா செத்துரும். எங்க வெச்சீங்க?”

மாமா புதுசு கிடைக்குமா என்று மட்டும் கேட்டார்.

“வெளிநாட்டுலருந்து கப்பல் சாமானே இப்ப வர்றதில்லையே தம்பி. கொழும்புல கேட்டாலும் இல்லன்னுதான் சொல்லுவாங்க.”

மாமா என்னைக் கூட்டிக்கொண்டு கடையை விட்டு இறங்கினார். பிறகு பேக்கரியில் எனக்கு ஒரு பணிஸ் வாங்கிக் கொடுத்து, “நானா சொன்னத அம்மாகிட்ட சொல்லாத, புள்ள” என்றார். பணிஸ் கையில் இருக்கும்போது யாருக்குக் கேள்வி கேட்கத் தோன்றும்?

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம், “நனைஞ்சு கெட்டுப்போச்சாம்க்கா. பனிக்காலத்துல வெளிய வெச்சு ஓட்டினேன்ல, அப்பவே நனைய விட்டுட்டேன்” என்றார். அம்மா அன்று இரவு வரை திட்டினாள்.

திருவிழாவுக்கு டவுனிலிருந்து வேறு செட்டு வந்தது. கோயில் மேட்டிலிருந்து பாட்டு கேட்டுக்கொண்டே இருந்தது. மாமா கம்பளியை இழுத்துப் போர்த்திச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். நான் பஞ்சுமிட்டாய் தின்றுவிட்டு வந்து, அந்தச் செட்டு நம்முடையதைவிடச் சத்தம் என்று அவரிடமே சொன்னேன்.

திருவிழா முடிந்ததும் பெரிய கங்காணிக்குக் கண் தெரிய ஆரம்பித்தது. “பேரில்லாத ஆள வெச்சிருக்கீங்கன்னு தொர கேக்குறாரு” என்று அப்பாவிடம் சொன்னார். மாமா பக்கத்துத் தோட்டங்களில் கேட்டுப் பார்த்தார். எங்கும் பெயர் பதியவில்லை. அப்போது இலங்கை அரசாங்கம் தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது; கடைசியில் அவரும் போக எழுதிக்கொடுத்தார். அவர் பிறந்தது எங்கள் லயத்தில். இந்தியாவில் அவருக்கு யாரையும் தெரியாது.

இந்தியாக் கப்பலுக்குக் கொண்டுபோகும் தலைமன்னார் ரயிலுக்கு வழியனுப்பப் போன இடத்தில் அம்மா அழவில்லை, கத்தினாள். பிளாட்பாரமே திரும்பிப் பார்த்தது.

“ஒரு பொருளக் காப்பாத்தத் துப்பில்ல! நனைய விட்டியே! அது மட்டும் ஒழுங்கா இருந்திருந்தா இன்னிக்கு இப்படி அநாதையாட்டம் போவியாடா?”

“ஆமாக்கா. என் தப்புதான்க்கா.”

எனக்குப் பொறுக்கவில்லை. “மாமா, நீங்க நனைய விடலையே, கடை நானா அப்படிச் சொல்ல…” என்று ஆரம்பித்தேன். மாமா சட்டென்று என் வாயைப் பொத்தினார். ரயில் நகரும்வரை கையை எடுக்கவேயில்லை.

அதற்குப் பிறகு அவரைப் பற்றி ஒரு தகவலும் வரவில்லை. அம்மா இருந்தவரைக்கும் அவரைத் திட்டினாள். திட்டி முடித்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். எழுந்து போய் வேலையைப் பார்ப்பாள். அந்த ஆறுதலை மாமா விட்டுவிட்டுப் போயிருந்தார் என்பது பிளாட்பாரத்தில் நின்ற எனக்கு அன்று தெரியாது. செய்யாத தப்புக்கு அக்காவிடம் அத்தனை பேர் முன்னால் ஏச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறாரே, இப்படியும் ஒரு பயந்தாங்கொள்ளியா என்று நினைத்தேன்.