ஒரு மணி நேரத்தில் ஒரே ஓர் அடி

அந்த சிடி என் பெயருக்குத்தான் வந்தது. எஸ்டேட் ஆபீசில் கணக்கெழுதும் கிராணி உறையைத் தூக்கிக் காட்டி, "கோலாலம்பூர்ல இருந்து உங்க மச்சான் அனுப்பியிருக்காரு" என்றபோதே எனக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது. உள்ளே ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. "மச்சான், எங்க ஆர்கெஸ்ட்ரா ரெக்கார்ட் பண்ண சிம்பொனி. ரெண்டாவது பகுதியில பதினெட்டாவது நிமிஷம் நான் வருவேன். அம்மாவுக்குப் போட்டுக் காட்டு. எப்படி இருக்குன்னு நீ சொல்லணும்."

நான் சொல்லணுமாம். எவ்வளவு கொழுப்பு பாருங்கள்.

அவன் என் அத்தை மகன். எஸ்டேட் வரிசை வீடுகளில், ஒரே லயத்தில் பக்கத்துப் பக்கத்தில் வளர்ந்தோம். கோயில் உருமி மேளக் குழுவில் நான்தான் முதல் உருமி. அவனுக்கு எந்த மேளமும் படியவில்லை என்று கையில் ஜால்ராவைக் கொடுத்து ஓரமாக நிறுத்தியிருந்தோம். அதையும் ஒழுங்காகத் தட்டமாட்டான். எல்லோரும் முடித்த பிறகு அவனுடையது தனியாக ஒன்று கேட்கும். "லேட்டுடா!" என்று உருமிக் குச்சியாலேயே அவன் முழங்காலில் ஒன்று வைப்பேன். அத்தை வாசலில் நின்று சிரிப்பாள்.

பிறகு தானா ராத்தா டவுன் பள்ளிக்கூடத்துக்குத் தலைநகரிலிருந்து ஓர் இசை ஆசிரியர் வந்தார். தாளம் தட்டத் தெரிந்த பிள்ளைகளைத் தேடிக்கொண்டிருந்தார். மேளக் குழுவில் இருந்ததால் எங்கள் இரண்டு பேரையும்தான் கூப்பிட்டார்கள். அவர் வரச்சொன்ன அன்றைக்குப் பக்கத்து ஊர் ரிங்லெட்டில் திருவிழா. நான் அடிக்காவிட்டால் சாமியே இறங்காது என்ற நினைப்பு எனக்கு. "தாளைப் பாத்து அடிக்கிறதெல்லாம் ஒரு அடியா?" என்று சொல்லிவிட்டு உருமியைத் தோளில் மாட்டிக்கொண்டு போனேன். அவன் பள்ளிக்கூடத்துக்குப் போனான். அவ்வளவுதான் நடந்தது. அவன் வெளிநாடு போய்ப் படித்துவிட்டு வந்து, இன்று கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு ஆர்கெஸ்ட்ராவின் கடைசி வரிசையில் நிற்கிறான். நான் தேயிலை ஃபேக்டரியில் ரோலர் மெஷின்களைப் பார்த்துக்கொள்கிறேன். எந்த மெஷினில் பேரிங் தேய்கிறது என்பதை மெக்கானிக்குக்கு முன்னால் என் காது சொல்லிவிடும். அதற்காக யாரும் எனக்குக் கோட்டுத் தைத்துத் தரவில்லை.

சிடி வந்ததை அத்தையிடம் நான் சொல்லவில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், ஃபேக்டரிக்குப் பின்னால் நிறுத்தியிருந்த என் பழைய காரில் உட்கார்ந்து கேட்டேன். கேலி செய்வதற்குத்தான் கேட்டேன், அதை மறைப்பானேன். நூறு வருஷத்துக்கும் முன்னால் எந்த வெள்ளைக்காரரோ எழுதிய சிம்பொனி. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறது. முழுதும் கேட்டுப் பார்த்தால் இவன் அடிப்பது ஒரே ஓர் அடி! இரண்டு பெரிய வெண்கலத் தட்டு, ஒரு தடவை, 'ஜாங்'. முன்னாலும் கிடையாது, பின்னாலும் கிடையாது. அங்கேயும் போய் ஜால்ராதான். நான் காருக்குள் தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தேன்.

மறுநாள் தப்புக் கண்டுபிடிக்கக் கேட்டேன். லேட்டாகத்தான் அடித்திருப்பான், பழக்கம் எங்கே போகும்? வயலின்களெல்லாம் மெதுவாக, ஒவ்வொரு படியாக ஏறுகின்றன. ஏறி ஏறி, இதற்கு மேல் மூச்சுப் பிடிக்க முடியாது என்ற இடம் வருகிறது. சரியாக அங்கே விழுகிறது அவன் அடி. லேட்டில்லை. மறுபடி போட்டேன். இரண்டு வாரம், தினமும், சோற்றுப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு அந்த ஒரு நிமிஷத்தையே திருப்பித் திருப்பிப் போட்டேன். பாவிப்பய, சுத்தமாக அடித்திருந்தான். எனக்குச் சோறு இறங்கவில்லை.

இதற்கிடையில் அத்தை நாள் தவறாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். "சிடி வந்துச்சாய்யா?"

"இன்னும் வரல அத்தை. போஸ்ட் ஸ்லோ லா."

கடைசியில் கிராணியே அவளிடம் சொல்லிவிட்டார். அவள் என்னைத் திட்டவில்லை. "இன்னிக்குத்தான் கைக்கு வந்துச்சாக்கும்" என்று அவளே எனக்கு ஒரு சாக்கும் சொல்லிவிட்டு, எஸ்டேட்டே கேட்க வேண்டும் என்றாள். சனிக்கிழமை மத்தியானம் டேவானில் ஏற்பாடானது. டேவான் என்றால் எங்கள் கல்யாணமும் கூட்டமும் நடக்கிற தகரக்கூரை மண்டபம். கோயில் திருவிழா ஸ்பீக்கர் பெட்டிகளை இழுத்துவந்து வைத்தோம். எஸ்டேட்டில் ரேடியோ செட்டு எப்போதும் என் பொறுப்பு. வால்யூம் என் கையில்.

அத்தை தீபாவளிப் புடவையில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். சிடியைப் போட்டேன். அந்த சிம்பொனி ஆரம்பத்தில் ஒரு முனகலாகத்தான் வரும். "ஒண்ணும் கேக்கலையே, ஒயரு சரியா பாருப்பா" என்றார்கள். வால்யூமைக் கூட்டினேன். திடீரென்று எல்லா வாத்தியமும் சேர்ந்தபோது ஒரு கைக்குழந்தை வீறிட்டது. குறைத்தேன். இப்படியே கூட்டுவதும் குறைப்பதுமாக அரை மணி நேரம் போனது. கச்சான் கடலைப் பொட்டலம் கைமாறியது. ஆண்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். "உன் மவன் இன்னும் வரலையா?" என்று யாரோ கேட்க, "வருவான், இரு" என்றாள் அத்தை. அவள் கச்சானைக்கூடத் தொடவில்லை. கைகளை மடியில் கோத்துக்கொண்டு ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது பகுதி. பதினேழாவது நிமிஷம். ஏற்றம் தொடங்கியது. மெல்லிய இடத்துக்காக வால்யூமை முக்கால்வாசி ஏற்றி வைத்திருந்தேன். இப்போது குறைத்தாக வேண்டும். எங்கே, எவ்வளவு குறைக்க வேண்டும் என்று இந்த உலகத்தில் அவனுக்கு அடுத்தபடி எனக்குத்தான் தெரியும். நான் அத்தையின் முகத்தைப் பார்த்தேன். அந்த முகம் ஒரு நாளும் என் உருமிக்காக அப்படிக் காத்திருந்ததில்லை. குறைக்கவில்லை. கடைசி வரை திருகினேன்.

'டமார்' என்று ஒரு பெட்டி வெடித்தது. ரப்பர் கருகும் வாசனை வந்தது. இன்னொரு பெட்டியும் கரகரத்து ஓய்ந்தது. அவன் அடி யாருக்கும் கேட்கவில்லை.

அத்தை அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவளோ எழுந்து நின்று இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினாள்.

"பாத்தீங்களாடி! என் புள்ள அடிச்ச அடியில ஸ்பீக்கரே போயிடுச்சி!"

டேவானே கைதட்டியது. வெளியே போன ஆண்கள் சத்தம் கேட்டு ஓடிவந்தார்கள். அவர்களும் தட்டினார்கள். இருபது வருஷம் உருமி அடித்திருக்கிறேன், எனக்கு அப்படி ஒரு கைதட்டல் விழுந்ததில்லை. நானே கெடுத்து, நானே வாங்கிக் கொடுத்திருக்கிறேன்! பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. கருகிய பெட்டியைக் காலால் ஓர் உதை விட்டேன். கால்தான் வலித்தது.

சாயங்காலம் அவன் கூப்பிட்டான். "மச்சான், கேட்டியா?"

"ஸ்பீக்கர் போயிடுச்சிடா. கேக்கல."

"அதுக்கு முன்னால, நீ தனியா?"

"எனக்கு எங்கடா டைம்?"

பிறகு சொன்னான்: "லேட்டா விழுந்துருக்குமோன்னு ஒரு பயம் மச்சான். இங்க எல்லாரும் நல்லா இருக்குன்னுதான் சொல்றாங்க. நீ சொன்னாதான் நான் நம்புவேன்."

"வேலை இருக்குடா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டேன். வேலை ஒன்றும் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அத்தை என் கார்க் கதவைத் திறந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "எம்புள்ள அடிச்சத மட்டும் இன்னொரு தடவ போடுய்யா." லயத்து வாசலிலேயே போட்டேன். ஏற்றம் வந்தது, அடி விழுந்தது. எனக்கு வழக்கம்போல் மயிர்க்கூச்செறிந்தது. அத்தை முகத்தைச் சுளித்தாள்.

"இதுவா? அன்னிக்குக் கேட்டதுதான் நல்லா இருந்துச்சி. இது என்னமோ சமையக்கட்டுல தட்டு விழுந்த மாதிரி இருக்கு. லேட்டா வேற அடிக்கிறான் போல. நீதான எப்பவும் சொல்லுவ."

"அத்தை!" என்று கத்திவிட்டேன். "லேட்டா? யாரு சொன்னா லேட்டுன்னு? எழுபது பேரு ஏறி வந்து நிக்கிற எடத்துல ஒரு இம்மி பிசகாம வைச்சிருக்கான். நூறு தடவ கேட்டுட்டேன், ஒரு தப்பு இல்ல. எனக்கே இந்த அடி வராது, தெரியுமா?"

கார் கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. அத்தை புடவைத் தலைப்பால் அதை மெதுவாகத் துடைத்தாள்.

"இத அவன்கிட்ட சொன்னியாய்யா?"

நான் சிடியை வெளியே எடுத்து உறையில் போட்டேன். டாஷ்போர்டில் கிடந்த என் ஹேண்ட்போனை அவளே எடுத்து என் கையில் வைத்தாள்.

"இங்க லைன் கிடைக்காது அத்தை" என்றேன்.

ஹேண்ட்போனில் சிக்னல் நாலு கோடும் முழுதாக இருந்தது. அத்தைக்குக் கண் நன்றாகத் தெரியும்.