தண்ணீர் பழுக்கும் வரை

போன மாதம் பல் பிடுங்குவதற்காக வெலிமடையிலிருந்து பதுளைக்குப் போயிருந்தேன். டாக்டரின் காத்திருக்கும் அறையில் சுவர் நிறைய ஒரு டிவி. அதற்குள் கடல் மீன்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகளை வரிசையில் விட்டதுபோல ஒன்றையொன்று இடிக்காமல் நீந்திக்கொண்டிருந்தன. கொஞ்ச நேரம் பார்த்தால் முதலில் போன மீனே மறுபடியும் வருகிறது. பக்கத்தில் கன்னம் வீங்கி உட்கார்ந்திருந்த அம்மா, "இதாங்க நல்லது. சாவாது" என்றார். மருந்து வாடை அடித்த அந்த அறையில் எனக்குத் திடீரென்று உப்பு வாடை அடித்தது. உப்பும், நனைந்த மணலும், சூடான மின்விசிறியும் சேர்ந்த வாடை. எங்கள் கொமியூனிகேஷனின் வாடை.

கொமியூனிகேஷன் என்றால் இப்போதுள்ள பிள்ளைகளுக்கு விளக்கித்தான் சொல்ல வேண்டும். வீட்டில் போன் இல்லாதவர்கள் வந்து பேசுகிற கடை. பள்ளிக்கூடத்தில் சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுச் சும்மா இருந்த எனக்குக் கிடைத்த முதல் வேலை அங்கேதான். பதுளை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு பேக்கரிக்கும் தையல் கடைக்கும் நடுவில், பலகையால் அடித்த இரண்டு கூண்டுகள். கதவில் கண்ணாடி. எதிரே ஒரு வாங்கு. தேயிலைத் தோட்டங்களிலிருந்து வருகிறவர்கள் அதில் உட்கார்ந்து குவைத்திலிருந்தும் லெபனானிலிருந்தும் வரப்போகிற குரலுக்காகக் காத்திருப்பார்கள். கூண்டுக்குள் போகுமுன் செருப்பைக் கழற்றி வைக்கும் ஒரு தாத்தா இருந்தார். மருமகனோடு பேசும்போது மட்டும் முக்காடு போட்டுக்கொள்ளும் ஒரு அம்மாவும் இருந்தார். தூரதேசம் என்பதால் எல்லாரும் கத்தித்தான் பேசுவார்கள். அந்தப் பக்கத்துக் குரலும் வெளியே கேட்கும். காது மந்தமானவர்களுக்காக முதலாளி சத்தத்தை உச்சத்தில் வைத்திருந்தார். ஆகவே அந்தக் கடையில் ரகசியம் என்று எதுவும் கிடையாது. எனக்கு அது சம்பளத்துக்கு மேல் கிடைத்த சம்பளம்.

முதலாளி யாழ்ப்பாணத்துக் கடற்கரை ஊர்க்காரர். அரசாங்கக் கச்சேரியில் கிளாக்காக வந்து, ஓய்வு பெற்று, ஊருக்குப் போகலாம் என்றபோது யுத்தத்தால் வடக்குப் பாதை பூட்டிக் கிடந்ததால் பதுளையிலேயே தங்கிவிட்டார். வாங்குக்குப் பக்கத்தில் கண்ணாடித் தொட்டி ஒன்றை வைத்து அதில் கடல் மீன் வளர்க்கப்போவதாக ஒருநாள் சொன்னார்.

"இந்த மலையில, பதுளையிலயா?" என்றேன்.

"ஏன், பதுளையில மீன் கறி சாப்பிடுறேல்லையோ?"

கிழக்குக் கடற்கரைப் பொத்துவிலிலிருந்து வரும் மீன் லொறியில் முதல் கேன் கடல் தண்ணீர் வந்தது. செக் பொயின்ட்டில், தண்ணீர்தான் என்றால் குடித்துக் காட்டு என்று டிரைவரைக் குடிக்க வைத்தார்களாம். பாவம், அவர் அவ்வளவு பாடுபட்டும் அது உதவவில்லை. உப்பைப் பார்க்கும் கண்ணாடி மிதவையை அதில் விட்டதும் கல் மாதிரி அடியில் போய்க் குந்தியது. உப்பு போதவில்லை. மழைக்காலத்தில் ஆற்று வாயில் மொண்ட தண்ணீர். பாதி ஆறு, பாதிக் கடல். பிறகு கொழும்பிலிருந்து தொட்டிக்கென்றே விற்கிற உப்புப் பக்கற் வாங்கி வந்தார். "கடை உப்பைக் கரைச்சா என்னாங்க?" என்று கேட்டேன். "அது கறிக்கு, பிள்ளை" என்று மட்டும் சொன்னார். அப்போது எனக்குக் கடல் என்றால் உப்புப் போட்ட தண்ணீர், அவ்வளவுதான். கடலையே பார்த்திராதவள் வேறு எப்படி நினைப்பேன்?

உப்பு வந்தாயிற்று. அதைக் கரைக்க நல்ல தண்ணீர் வேண்டும். குழாய்த் தண்ணீரில் கிருமி கொல்லும் மருந்து கலந்திருக்கிறது, அது ஆகாது என்றார் முதலாளி. அப்படித்தான் செல்லையா அண்ணன் இந்தக் கதைக்குள் வந்தார். பசறை ரோட்டில் ஒரு தோட்டத்தில் வேலை. அவர் மனைவி சரோஜா அக்கா குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருந்தார். வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அந்த வீட்டார் தூங்கும் நேரம் இங்கே சாயங்காலம். அப்போது அக்காவின் போன் கோல் வரும். வேலை முடிந்து பஸ் பிடித்து வரும் அண்ணன் கையோடு ஒரு கேன் பீலித் தண்ணீரும் கொண்டுவரத் தொடங்கினார். மலையிலிருந்து, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துப் பக்கம் இறங்கும் ஊற்றுத் தண்ணீர். மருந்தும் இல்லை, மண்ணும் இல்லை.

தொட்டி நிறைந்தது. மணல் போட்டு, கல் வைத்து, காற்றுக் குமிழியும் விட்டாயிற்று. மீனை மட்டும் காணோம். வாரக்கணக்காக வெறும் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டிருந்தது.

"தண்ணி பழுக்கோணும்" என்றார் முதலாளி.

"தண்ணி என்னாங்க வாழக்காயா, பழுக்குறதுக்கு?" என்று வாங்கிலிருந்து ஒருவர் கேட்க, கடையே சிரித்தது. செல்லையா அண்ணன்கூடச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பிறகுதான் எனக்கு விளங்கியது: மீனின் கழிவு மீனுக்கே நஞ்சு. அதைத் தின்று தீர்க்கிற, கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் மணலிலும் கல்லிலும் குடியேற நாள் எடுக்கும். தண்ணீர் தெளிவாக இருக்கிறதே என்று அவசரப்பட்டு மீனை விட்டால் ஒரு வாரம் தாங்காது.

கடைசியில் இரண்டு மீன்கள் வந்தன. செம்மஞ்சள் உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட சின்ன மீன்கள்.

செல்லையா அண்ணனின் கோல் எப்படியிருக்கும் என்று சொல்லவில்லையே. "ம்." "ஆமா." "சாப்பிட்டியா?" "ம்." "வெச்சிரவா?" அவ்வளவுதான். அந்தப் பக்கத்தில் அக்கா பொரிந்து தள்ளுவார். "ரிசீவருல ஆளு இருக்கா, இல்ல மாட்டி வெச்சிட்டுப் போயிட்டீங்களா?" மீன் வந்த வெள்ளிக்கிழமையும் அப்படித்தான் பேச்சு வற்றி நின்றது. கண்ணாடிக் கதவு வழியே தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தவர், "இங்க ஒரு மீனு இருக்கு" என்றார்.

"என்னா மீனு? கொழம்புக்கா?"

"இல்ல... கோடு போட்ட சட்டை மாட்டுன மாதிரி. கல்லுக்கு உள்ள போவுது. வருது."

"அப்புறம்?"

அந்த 'அப்புறம்' மறுபடியும் மறுபடியும் வந்தது. அன்றைக்குக் கோல் நீண்டுகொண்டே போனது. அதன் பிறகு ஒவ்வொரு வெள்ளியும் மீன்தான். மீனில் தொடங்கி லயத்துக் கூரை, பக்கத்து வீட்டுச் சண்டை, அவர் கால் வெடிப்பு என்று பேச்சு போகும். ஒருமுறை அக்கா சொன்னார்: "கடலு இந்த வீட்டுக்குப் பின்னாலதான் இருக்காம். ரெண்டு வருசமா இன்னும் கண்ணால பாக்கல. நீங்க மலையில இருந்துக்கிட்டு கடலப் பாக்குறீங்க. அந்த மீனப் பாக்கவாவது நான் வரணும்."

அந்தச் சமயத்தில்தான் கொழும்பிலிருக்கும் தன் சொந்த அக்காவுக்குக் கண் ஒபரேஷன் என்று முதலாளி ஒரு மாதத்துக்குமேல் அங்கே போய்த் தங்க வேண்டியதாயிற்று. விசிறிக் காற்றுக்கு வாரம் ஒரு விரல் தண்ணீர் இறங்கும். "இறங்கின அளவுக்குப் பீலித் தண்ணி விட்டாக் காணும், வேற ஒண்டும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். மிதவை முன்பே உடைந்திருந்தது. வரும்போது புதிது வாங்கி வருவதாகச் சொன்னார்.

செல்லையா அண்ணனுக்கு மனம் ஒப்பவில்லை. "தங்கச்சி, அது கடல்ல பொறந்தது. நம்ம பச்சத்தண்ணிய ஊத்திக்கிட்டே இருந்தா அதுக்கு ஊரு மறந்து போயிறாது?" மீன் லொறிக்காரரிடம் சொல்லி, மழையில்லாத நாளில் மொண்ட நல்ல கடல் தண்ணீராகக் கொண்டுவரச் செய்து, வெள்ளிக்கு வெள்ளி அதை ஊற்றினார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. கடல் மீனுக்குக் கடல் தண்ணீர். இதில் என்ன தப்பு?

கண்ணாடி விளிம்பில் வெள்ளையாக உப்புப் படிந்தது. மீன்கள் மூலையில் ஒதுங்கி, வாயை வேகமாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தன. வெளியே மூன்று நாளாக மழை. "குளிருது போல" என்றார் அண்ணன். தேயிலைக் கொழுந்து எடுக்கும்போது மழைக்குப் போர்த்துவதற்குச் சரோஜா அக்கா வைத்திருந்த கம்பளியைக் கொண்டுவந்து தொட்டியைச் சுற்றிக் கட்டினார். மறுநாள் ஒரு மீன் மிதந்தது. அதற்கடுத்த நாள் மற்றது.

முதலாளி வந்து தண்ணீரில் விரலை விட்டு நாக்கில் வைத்துத் துப்பினார். "இது கடல் இல்லை, உப்பளம்! தண்ணி மட்டும்தானே ஆவியாப் போறது. உப்பு ஒரு இடமும் போகாது. இருக்கிற உப்புக்கு மேல உப்பு ஊத்தியிருக்கிறியள்." சத்தம் போட வாயெடுத்தவர் தொட்டியைச் சுற்றியிருந்த கம்பளியைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். "சரி, விடுங்கோ. திரும்ப முதல்ல இருந்து துவங்குவம்."

"அவகிட்ட என்னாங்க சொல்றது?" என்றார் செல்லையா அண்ணன்.

உண்மையைச் சொல்லவில்லை. அந்த வெள்ளிக்கிழமை கூண்டுக்குள் நின்று, மீன் நன்றாக இருக்கிறது என்றார். அடுத்த வெள்ளிக்கிழமை மீன் முட்டை வைத்திருக்கிறது என்றார். எந்தக் கல்லில், என்ன நிறத்தில், ஆண் மீன் எப்படிக் காவல் நிற்கிறது என்று அடுக்கிக்கொண்டே போனார். அந்த மனிதருக்குள் இவ்வளவு பேச்சு இருந்ததா என்று நாங்கள் வாயைப் பிளந்தோம். வாங்கிலிருந்தவர்கள் எல்லாரும் காலித் தொட்டியைப் பார்த்துக்கொண்டு மூச்சுக் காட்டாமல் இருந்தார்கள். செருப்பைக் கழற்றி வைக்கும் தாத்தா மட்டும் கூண்டுக் கதவருகே எழுந்து போய், "ஆமாம்மா, நல்லா வெளையாடுது!" என்று சாட்சி சொல்லிவிட்டு வந்தார்.

பிறகு அந்தக் கோல் வந்தது.

"எனக்கு அக்ரிமென்ட் முடியப் போவுது. மேடம் இன்னும் ரெண்டு வருசம் இருக்கச் சொல்றா. வரவா, இருக்கவா? நீங்க சொல்லுங்க."

அண்ணன் கண்ணாடி வழியே தொட்டியைப் பார்த்தார். உள்ளே புதுத் தண்ணீர் சும்மா கொப்பளித்துக்கொண்டிருந்தது.

"அவசரமா வரணும்னு இல்ல" என்றார். "மீனு எங்கயும் போயிறாது. நீ ஒன் இஷ்டம் போல மெதுவா வா."

எப்போதும் பொரிந்து தள்ளும் அக்காவின் குரல் இறங்கியது.

"சரி. அப்ப கையெழுத்துப் போட்டுர்றேன்."

வெளியே வந்தவர் தொட்டியின் பக்கத்தில் குந்தினார். "தண்ணி பழுத்ததும் ரெண்டு மீனு வாங்கிப் போட்டுருவோம் தங்கச்சி. அவ வர்றதுக்குள்ள போட்டுருவோம்."

போடவில்லை. தண்ணீர் பழுப்பதற்குள் வடக்குப் பாதை திறந்துவிட்டது. முதலாளி ஊரைப் பார்க்கப் போய்த் திரும்பி வந்தார். "கடல் அப்பிடியேதான் கிடக்கு பிள்ளை. வீடுதான் இல்லை" என்றார். ஆனாலும் அங்கேயே போகிறேன் என்று கடையை விற்றார். தொட்டித் தண்ணீரை நானும் அவரும் வாளியால் மொண்டு பஸ் ஸ்டாண்டுச் சாக்கடைக் கானில் ஊற்றினோம். தொட்டியைப் பேக்கரிக்காரர் பாண் அடுக்கக் கொண்டுபோனார். கடையை வாங்கியவர் கைபேசி விற்கத் தொடங்கினார். என்னையும் கடையோடு சேர்த்து வைத்துக்கொண்டார். லயத்தில் யாரோ கைபேசி வாங்கியிருக்க வேண்டும், செல்லையா அண்ணனும் வருவதை நிறுத்திவிட்டார்.

சரோஜா அக்காவை நான் முதலும் கடைசியுமாகப் பார்த்தது அந்தக் கைபேசிக் கடையில்தான். குரலை வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடித்தேன். கோலில் கத்திக் கேட்ட குரலுக்குப் பெரிய உருவமாக நினைத்து வைத்திருந்தேன். ஒல்லியான, கண்ணுக்குக் கீழே கறுத்துப்போன பெண். அண்ணன் கடைக்குள் வரவில்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம், பசறை பஸ்ஸுக்குப் பக்கத்தில் முதுகைக் காட்டி நின்றார். தலை பாதி நரைத்திருந்தது.

"தொட்டி இருந்த எடம் எது தங்கச்சி?" என்று கேட்டார் அக்கா. போன் கவர்கள் தொங்கிய மூலையைக் காட்டினேன். என்ன சொல்வதென்று தெரியாமல், "அக்கா, அந்த மீனு வந்து..." என்று இழுத்தேன்.

"செத்துப் போச்சுன்னு தெரியும். அந்த வாரமே தெரியும்." சிரித்தார். "உசுரோட இருந்தப்ப ஒரு வார்த்தைக்கு மூணு தரம் கேக்கணும். செத்த பொறகு நிறுத்தாம பேசுனாரு. புருசன் பொய் சொன்னா பொண்டாட்டிக்குத் தெரியாதா?"

"அப்பறம் ஏங்க்கா இன்னும் ரெண்டு வருசம் போட்டீங்க?"

"வரவான்னு அவருகிட்டக் கேட்டேன். மீனப் பத்திச் சொன்னாரு." முந்தானையால் அந்த மூலையிலிருந்த கண்ணாடி அலமாரியை ஏனோ ஒருமுறை துடைத்தார். "ரெண்டு வருசமும் சும்மா ஒரு வார்த்தைக்குப் போச்சு தங்கச்சி. கடலையும் பாக்கல."

வெளியே செல்லையா அண்ணன் திரும்பி, ரோட்டுச் சத்தத்துக்கும் மேலே கத்தினார்: "சரோஜா, வா! பஸ்ஸு எடுக்கப் போறான்!"

அக்கா போய்விட்டார்.

ரோட்டை அகலமாகப் பெருப்பித்தபோது அந்த வரிசைக் கடைகளையே இடித்துவிட்டார்கள். இரண்டு கூண்டுப் பலகைகளும் விறகுக்குப் போயின. ஏற்றும்போது நின்று பார்த்தேன். உள்பக்கமெல்லாம் பென்சிலால் எழுதிய நம்பர்கள், குவைத்து, சவூதி, லெபனான். எந்த நம்பரைச் சுழற்றினாலும் இனி எடுக்க ஆளில்லை.