அறுத்துக் கொண்டுவந்த பன்றி

இல்லை, அஞ்சிலின் சட்டம் எதுவும் படித்தவள் இல்லை. ஆறாம் வகுப்போடு நிறுத்திவிட்டு ரப்பர் மரம் சீவப் போனவள். இப்போதும் காலையில் நூற்றெழுபது மரம் சீவிவிட்டுத்தான் மற்ற வேலை. ஒன்பது வருடமாக எங்கள் ஊர்த் தலைவி அவள்தான். யார் கோழியை யார் நாய் பிடித்தது என்பதிலிருந்து எல்லைத் தகராறு வரை அவள் முன்னால்தான் வரும்.

என் மகன் ரெய்னஸ் அவள் மகளைக் கட்டியிருக்கிறான். அந்த வகையில் எனக்குச் சம்பந்தி. இரண்டு மாதத்துக்கு முன் எங்கள் இருவருக்கும் ஒரு பேத்தி பிறந்தாள். அவளைப் பற்றி ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன், அதனால் அஞ்சிலினைப் பற்றியே சொல்கிறேன்.

குழந்தை பிறப்பதற்கு முன்பே ரெய்னஸ் ஒரு வம்பை இழுத்து வைத்திருந்தான். பிக்கப்பைப் பின்னால் எடுக்கும்போது பக்கத்து வீட்டு மோஜிலிப்பை இடித்து, அவருடைய இடது கையை உடைத்துவிட்டான். போலீஸ் வந்தது. டவுன் கோர்ட்டு அபராதம் போட்டது, ஆறு மாதம் வண்டி ஓட்டக் கூடாது என்றது. கட்டிவிட்டு வந்து, முடிந்தது என்று நிம்மதியாகத் தூங்கினான்.

எங்களுக்கு அதோடு முடிவதில்லை. ரத்தம் வந்தால் இரண்டு வீட்டுக்கும் நடுவே சூடு. ஒரு மிருகத்தைக் கொடுத்து அந்தச் சூட்டைக் குளிர வைக்க வேண்டும். அதற்குப் பெயர் சோகித். அதுவரை ஒரு வீட்டார் மற்ற வீட்டு முற்றத்தை மிதிப்பதில்லை. ரெய்னஸ் வீட்டிலிருந்து ரோட்டுக்குப் போக மோஜிலிப்பின் முற்றம்தான் வழி. நான்கு மாதமாக அவர்கள் ஆற்றில் இறங்கிச் சுற்றிக்கொண்டு போனார்கள். மழை பிடித்ததும் ஆறு இடுப்புக்கு மேல் ஏறிவிட்டது. திங்கட்கிழமை குழந்தைக்கு ஊசி. அந்தத் தண்ணீரில் அவளை யார் தூக்கிக்கொண்டு இறங்குவது?

"நான்தான் கோர்ட்டுல கட்டிட்டேனே, அத்தே" என்றான் ரெய்னஸ்.

"கோர்ட்டு எங்க இருக்கு?" என்று கேட்டாள் அஞ்சிலின்.

"டவுன்ல."

"அப்ப டவுன் குளிர்ந்துருச்சு. இங்க என்ன செய்யப் போறீங்க, மாப்பிள்ளே?"

சொந்த மருமகன் வழக்கில் தான் உட்காருவது சரியில்லை, பக்கத்து ஊர்த் தலைவரைக் கூப்பிடலாமா என்று அவளே மோஜிலிப்பிடம் கேட்டு அனுப்பினாள்.

"வேணாம், அவளே உக்காரட்டும்" என்று சொல்லியனுப்பினார் மோஜிலிப். "மருமகன்னு அவ எவ்வளவு வளைஞ்சு குடுக்கிறான்னு நானும் பாக்கணும்ல."

வெள்ளிக்கிழமை உட்கார்ந்தாள். வளையவில்லை. ஆறு சாண் சுற்றுள்ள பன்றி ஒன்று, ஞாயிறு சர்ச்சில் பூசை முடிந்ததும் ஊர்க் கூடத்துக்கு வரவேண்டும் என்று சொல்லிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ரெய்னஸ் நல்லது செய்வதாக நினைத்து ஒரு காரியம் செய்தான். கோவிலிலிருந்து வருகிறவர்கள் பசியோடு வருவார்களே என்று விடியும்போதே பன்றியை அறுத்து, மயிர் பொசுக்கி, துண்டு போட்டு, மூன்று கூடை நிறைய வாழையிலை மூடிக் கொண்டுவந்து வைத்தான்.

அஞ்சிலின் இலையைத் தூக்கிப் பார்த்தாள். "பன்றி எங்க?"

"இதான் அத்தே."

"இது கறி. பன்றி எங்கன்னு கேட்டேன்."

மிருகம் உயிரோடு நிற்க வேண்டும். எதற்காக என்று இரண்டு வீட்டாரும் கேட்கச் சொல்ல வேண்டும். அப்புறம்தான் கத்தி. சொல்லாமல் அறுத்தால் அது வெறும் சாப்பாடு. ரெய்னஸ் இந்த ஊரிலேயே பிறந்தவன். எத்தனையோ சோகித்துக்குப் போயிருக்கிறான், எல்லாவற்றுக்கும் கறி வெந்த பிறகு.

மோஜிலிப்புக்கே சிரிப்பு வந்துவிட்டது. "விடு அஞ்சிலின். என் கைக்கு என்ன வித்தியாசம் தெரியப் போவுது?"

"நீ விட்டுருவ, அண்ணே. டவுன் கோர்ட்டுல ரசீது குடுப்பாங்க. என்கிட்ட ஏது ரசீது? இந்தச் சனம் காதுல கேட்டாத்தான் ரசீது. மாப்பிள்ளே, இன்னொரு பன்றிய உயிரோட கொண்டாங்க."

"கோர்ட்டுல ஒண்ணு, இங்க ரெண்டு" என்று முணுமுணுத்தான் ரெய்னஸ். "நான் உடைச்சது ஒரே கை தானே, அத்தே?"

"மொதப் பன்றி உங்க அவசரத்துக்கு. ரெண்டாவதுதான் அவர் கைக்கு."

ஊரில் அன்றைக்கு ஆறு சாண் தேறுகிற பன்றி என் பட்டியில்தான் இருந்தது. பேத்தியின் ஞானஸ்நானத்துக்கென்று ஏழு மாதமாகக் கொழுக்க வைத்தது. அஞ்சிலினே வந்து கயிறு போட்டு அளந்தாள்.

"உங்களுக்கு வருத்தமா, சம்பந்தி?"

இல்லை என்றேன். பொய்தான். ஞானஸ்நானத்துக்குக் கோழி போதும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு நானே ஓட்டிப் போனேன்.

அது கூடத்து வாசலில் நின்று கத்திய கத்தலுக்கு மேல் அஞ்சிலின் குரலை உயர்த்தி, யார் இடித்தது, எந்தக் கை, எந்த நாள் என்று எல்லாம் சொன்னாள். கேட்டோம் என்று இரண்டு வீட்டாரும் சொன்னார்கள். மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. கூடைக் கறியையும் விடவில்லை, பம்பாங்கான் என்கிற காட்டு மாங்காய் ஊறுகாயோடு ஊரே சாப்பிட்டது.

திங்கட்கிழமை காலை தூறல், அதனால் மரம் சீவ முடியாது. அஞ்சிலினும் எங்களோடு வந்தாள். மருமகள் குழந்தையைத் துணியில் கட்டிக்கொண்டாள், ரெய்னஸ் குடை பிடித்தான், பின்னால் நாங்கள் இருவரும். மோஜிலிப் இன்னும் முழுசாக நீட்ட வராத கையோடு தன் வீட்டுப் படியில் நின்றார். அவர் மனைவி இறங்கி வந்து துணியை விலக்கிப் பார்த்து, மூக்கு யாருடையது என்று கேட்டாள். என்னுடையது என்றேன்.

அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து நான்கைந்து பேர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அஞ்சிலின் முற்றத்தின் நடுவில் நின்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "ஊசி போட்டா சாயங்காலம் பிள்ளைக்குக் காய்ச்சல் வரும். அது ஊசிக் காய்ச்சல். யாரும் இந்த முற்றத்து மேல பழி போடாதீங்க."