சின்னவள் எடுத்த படம்

பெரியவளுக்கு அந்தக் கேமரா கிடைத்ததே அவள் வேலை பார்த்த ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் மேலாளர் புதிது வாங்கியதால்தான். பழையதை அவள் தலையில் கட்டிவிட்டார். கைப்பிடியில் ரப்பர் உரிந்திருந்தது. இருந்தது ஒரே ஒரு லென்ஸ். பின்பக்கத் திரை மங்கிப் போயிருந்ததால், எடுத்த படம் எப்படி வந்திருக்கிறது என்பது கணினியில் போட்டுப் பார்த்தால்தான் தெரியும். ஆனாலும் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டபோது அவள் முதுகு தானாக நிமிர்ந்தது.

பகல் முழுக்க ஊரார் கையில் நரம்பு தேடி ஊசி குத்துகிறவள் அவள். "அந்த அக்கா எடுத்தா வலியே தெரியாது" என்று அவளையே கேட்டு வருகிறவர்கள் உண்டு. அந்தப் பெயரெல்லாம் வீட்டு வாசலோடு சரி. வீட்டுக்குள் பெயரெடுத்தவள் சின்னவள், கொழுந்தனைக் கட்டிக்கொண்டு வந்த ஓரகத்தி. அவள் போட்ட டீயை மாமனார் இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடிப்பார். பெரியவள் போட்டதைக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைப்பார், அவ்வளவுதான்.

அதனால் கேமராவாவது தனக்கென்று இருக்கட்டும் என்று நினைத்தாள். நூலக மாடியில் ஒரு ஸ்டுடியோக்காரர் ஞாயிறுதோறும் நடத்திய வகுப்பில் சேர்ந்தாள். துணி கிளிப், சொட்டும் குழாய், மாடிப்படிக் கைப்பிடி என்று கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்துப் பழகினாள். படம் கூர்மையாக இருக்கும். "ஃபோகஸ் சுத்தமா இருக்கும்மா" என்று சொல்லிவிட்டு ஸ்டுடியோக்காரர் அடுத்தவர் படத்துக்குப் போய்விடுவார். மாமனாரை உட்காரச் சொன்னால் கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, பாஸ்போர்ட் படத்துக்கு உட்கார்வதுபோல விறைத்துக்கொள்வார்.

ஒருநாள் சின்னவள் வந்து நின்றாள். "அக்கா, நானும் வரட்டுமா? உங்க கேமராவையே மாத்தி மாத்தி வெச்சுக்கலாம்."

பெரியவள் வாயைத் திறப்பதற்குள் அவள் கணவன், "கூட்டிட்டுப் போயேன், உனக்கும் துணையாச்சு" என்றான்.

முதல் வகுப்பு முடிவதற்குள் எல்லாருக்கும் சின்னவளைத் தெரிந்துவிட்டது. மாதக்கணக்காக வரும் பெரியவளை அங்கே ஒருவர், "நீங்க அவங்க அக்காவா?" என்று கேட்டார். அவளுக்கு அடிவயிறு பற்றி எரிந்தது.

பிறகு ஒரு வாரம் வீட்டுப்பாடம் கொடுத்தார்கள்: வீட்டில் உள்ள ஒருவரின் முகம். சனிக்கிழமை பெரியவளுக்கு வேலை. "இன்னிக்கு மட்டும் கேமராவைக் குடுங்கக்கா" என்றாள் சின்னவள். கொடுக்கும் முன் பெரியவள் அறைக்குள் போய், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் பொத்தானை அழுத்தி, பக்கத்திலிருந்த சின்னச் சக்கரத்தைக் குறைக்கும் பக்கமாகக் கடைசிவரை திருட்டுத்தனமாகத் திருப்பி வைத்தாள். சின்னவளுக்கு அந்தப் பொத்தான் தெரியாது. மங்கல் திரையில் வித்தியாசமும் தெரியப்போவதில்லை. எடுப்பதெல்லாம் கரிக்கட்டையாக வரட்டும்!

அன்று வேலையில் அவளுக்குக் கை கூடவில்லை. நல்ல புடைத்த நரம்பு, அதையே தவறவிட்டாள். ஊசியை எடுத்து மறுபடி குத்தியபோது ரத்தம் கொடுக்க வந்த அம்மாள் முகத்தைச் சுளித்தாள். மாலையில் வந்து சின்னவள் எடுத்ததைப் பார்க்கத் துணியாமல் சக்கரத்தைப் பழைய இடத்துக்குத் திருப்பிவிட்டு, கணவனை உட்காரவைத்து ஒரு படம் எடுத்தாள்.

மறுநாள் வகுப்பில் அவள் படம் முதலில் திரையில் வந்தது. கணவனின் கண்ணிமை முடிகூடத் தெளிவாகத் தெரிந்தது. "ஃபோகஸ் சுத்தம்" என்றார் ஸ்டுடியோக்காரர். அடுத்து சின்னவளுடையது.

"கரண்ட் போயிடுச்சா?" என்று யாரோ கேட்டார்கள். பிறகு எல்லாரும் திரைப்பக்கம் சாய்ந்து பார்த்தார்கள்.

குளியலறை ஜன்னலோரம் மாமனார் சவரம் செய்துகொண்டிருந்தார். ஜன்னல் வெளிச்சம் கன்னத்து நுரையிலும், நிமிர்ந்த ஈரக் கழுத்திலும், ஒரு கண்ணிலும் மட்டும் விழுந்திருந்தது. மற்றதெல்லாம் கும்மிருட்டு. ரேசரைக் கழுத்தில் வைத்து மூச்சைப் பிடித்திருந்த அந்தக் கிழவர் உலகத்தையே மறந்திருந்தார்.

"பின்னாடி இருக்கிற பக்கெட்டு, பைப்பு எல்லாத்தையும் இருட்டு முழுங்கிடுச்சு பாருங்க" என்றார் ஸ்டுடியோக்காரர். "வெளிச்சத்தைக் குறைக்கணும்னு எப்படிம்மா தோணுச்சு?"

"எனக்கென்ன சார் தெரியும்? அக்காதான் செட் பண்ணிக் குடுத்தாங்க."

எல்லாரும் பெரியவளைத் திரும்பிப் பார்த்துக் கை தட்டினார்கள். அவள் முகம் சுண்டிப்போனது.

பஸ்ஸில் அதை அடக்கிவைக்க முடியவில்லை. "உன் படம் கெட்டுப்போகணும்னுதான் அப்படித் திருப்பி வெச்சேன்" என்றாள். "ஏதோ உன் அதிர்ஷ்டம், நல்லா வந்துடுச்சு."

சின்னவள் ஜன்னல் பக்கமிருந்து திரும்பினாள். "அதிர்ஷ்டமா? ஒரு வாரமா மாமா சவரம் பண்றப்போ வெறுங்கையோட போய் பக்கத்துல நின்னேன்க்கா. பழகிட்டா என்னைக் கண்டுக்க மாட்டாருன்னு. நீங்க பார்க்கலையா?"

பெரியவள் பார்த்திருந்தாள். மாமனாரிடம் நல்ல பெயர் வாங்க நிற்கிறாள் என்று பொருமியிருந்தாள். அதிர்ஷ்டம் என்று சொல்லிக்கொண்டிருந்தவரை தாங்க முடிந்தது. இப்போது அந்தச் சமாதானமும் போயிற்று.

அதன்பின் வீட்டில் இருவருக்கும் இடையே "அதை எடுங்க", "இதை வைங்க" என்பதற்கு மேல் பேச்சில்லை. சின்னவள் வகுப்புக்கும் வரவில்லை. ஒரு சாயங்காலம் கொழுந்தன் புதுக் கேமரா ஒன்றை வாங்கிவந்தான். திரை பளபளவென்றிருந்தது, எந்தப் பக்கம் வேண்டுமானாலும் மடங்கியது. சின்னவள் அதைக் கொண்டுவந்து பெரியவள் முன்னால் மேசைமேல் வைத்தாள்.

"இதுல எது எங்க இருக்குன்னே தெரியலக்கா. சொல்லிக் குடுங்க. இந்தத் தடவை ஒழுங்கா."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கண்ணில் சிரிப்பில்லை. பெரியவள் புதுக் கேமராவைக் கையில் வாங்கினாள். எடையே இல்லை. வயிறு மறுபடியும் எரிந்தது. எரிந்துகொண்டே, ஒன்றையும் ஒளிக்காமல், கூட்டுவது எது, குறைப்பது எது என்று ஒவ்வொரு பொத்தானாக அழுத்திக் காட்டினாள். பிறகு, கேட்கக் கூச்சமாக இருந்தாலும் கேட்டுவிட்டாள்.

"கேமரா இல்லாம மாமா பக்கத்துல சும்மா நிக்கிறப்போ, நீ கையை எங்கே வெச்சுப்பே?"