கல்கத்தாவுக்குப் போன மனு

என் மனைவியின் தம்பியை எனக்கு என்றைக்குமே பிடித்ததில்லை. பூந்தமல்லி தாலுகா கச்சேரி வாசலில் மரத்தடியில் உட்கார்ந்து மனு எழுதுவான். நாலு வரி இங்கிலீஷ் தெரிந்த திமிர். அந்த நாலு வரியும் எனக்குத் தெரியாது என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். மாடு கட்டிக் கிணற்றில் தண்ணீர் இறைக்க இரும்புச் சால் ஒன்று செய்திருந்தேன். அதன் அடியில் ஒரு மூடி. சால் மேலே வந்ததும் அதிலுள்ள கொக்கி குறுக்குக் கட்டையில் இடிக்கும், மூடி தானே திறந்துகொள்ளும். அதற்கு உரிமை கேட்டுக் கல்கத்தா பேட்டண்ட் ஆபீசுக்கு விண்ணப்பித்தேன். அடியில் மூடி வைத்த சாலுக்கு முன்பே ஒருவன் உரிமை வாங்கிவிட்டான், உன்னுடையதில் என்ன புதுசு என்று கேட்டுக் கடிதம் வந்தது.

மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். மூடியும் என்னுடையதுதான் என்று மல்லுக்கட்டினால் தோற்பேன். மூடியை விட்டுக்கொடுத்துவிட்டுக் கொக்கியை மட்டும் கேட்டால் மறுக்க வழியில்லை. முந்தையவன் சாலின் மூடியை ஆள் நின்றுதான் திறக்க வேண்டும்.

“இத மட்டும் எழுது. மேல ஒரு வார்த்த போடாதே,” என்றேன் மைத்துனனிடம்.

“மனு எழுத எனக்கே சொல்லிக் குடுக்கிறியா மாமே? கையெழுத்தப் போடு.”

போட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

பதில் வந்தது. அவன்தான் படித்தான். “குடுக்க மாட்டாங்களாம். நாம எழுதினதையே காட்டிக்கீறாங்க.”

“இன்னாடா எழுதின?”

“கடைசில ஒரு வரி சேத்தேன். இந்தக் கொக்கி எங்க முன்னோர் காலந்தொட்டு இந்த ஊர்ல இருந்துகினு வருதுன்னு. அது இல்லாம எவன் மாமே மனு எழுதுவான்?”

கச்சேரியில் பாதை கேட்டாலும் தண்ணீர் கேட்டாலும் பழைய வழக்கம் என்றால்தான் காது கொடுப்பார்கள். கல்கத்தாவிலோ பழசு என்றாலே கதை முடிந்தது. அவன் மசிப்புட்டியைத் தூக்கி மரத்தில் அடித்தேன். அன்றோடு பேச்சை நிறுத்தினேன்.

அடுத்த வருஷம், என்னைக் கேட்காமலே, செம்பரம்பாக்கம் ஏரித் தண்ணீரை என் வயலுக்கு விடச் சொல்லி மனு போட்டிருக்கிறான். அதே வரி. அந்தத் தண்ணீர் என் வயலில் ஒருநாளும் பாய்ந்ததில்லை. அந்தப் பொய்யையும் நம்பி உத்தரவு போட்டுவிட்டார்கள். அதன் பிறகு கிணற்றில் இறைக்கும் வேலையே இல்லை. என் சால் கிணற்றடியில் துருப்பிடித்தது.

வரப்பில் நின்று, “தண்ணி வருதா மாமே?” என்று கேட்டான்.

வயல் மடையைத் திறந்துவிட்டேன்.