கவாத்து மலையில் ஒளிய முடியாது

நானும் சக ஆசிரியர் ஒருவரும் நோர்வூட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தோம். இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்து ஐந்தாறு ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் எழுதியதெல்லாம் மர்மக்கதை. கொலையையும் துப்பையும் எழுதுகிற ஆளை எங்கள் பக்கத்தில் யாரும் பெரிதாக மதித்ததில்லை. நானும் மதிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில், எழுதிய அத்தியாயத்தை தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வாசலில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுவார். ஒரு நாள் கொலைகாரன் பொலிசுக்குப் பயந்து, தேயிலைச் செடிகளைக் கவாத்து வெட்டிய மலையில் ஒளிந்துகொள்ளும் இடம் வந்தது. கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்தி இடைமறித்தாள்.

“கவாத்து மலையில எப்படிங்க மாஸ்டர் ஒளியிறது? செடி முழங்காலுக்குத்தானே இருக்கும்.”

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. மறுநாள் பள்ளி விட்டதும் கவாத்து வெட்டியிருந்த ஒரு மலைக்குப் போய்க் குந்தியிருந்து, என்னைப் பாதையில் நின்று பார்க்கச் சொன்னார். தலை நன்றாகத் தெரிந்தது. மூன்று அத்தியாயங்களைக் கிழித்துப் போட்டார். திரும்ப எழுதியபோது துப்புத் துலக்கியது இன்ஸ்பெக்டர் அல்ல, கொழுந்து பறிக்கும் ஒரு பெண். அன்றுதான் அவரை எழுத்தாளராகப் பார்க்கத் தொடங்கினேன்.

கதை கொழும்பு வாரப் பத்திரிகையொன்றில் தொடராக வந்து புத்தகமும் ஆனது. அதன்பின் மேலும் சில நாவல்கள். ஒரு பட இயக்குநர் அந்தக் கவாத்து மலைக் கதையைக் கேட்க, திரைக்கதையையும் அவரே எழுதினார். அதைக் கொடுக்கக் கொழும்புக்குப் போனபோது நானும் துணைக்குப் போனேன். இயக்குநர் வாசித்துவிட்டுச் சொன்னார்:

“கதை நல்லா இருக்கு. ஆனா தோட்டப் பேச்சு காமெடிக்குத்தான் சரிவரும். கதாநாயகி இப்படிப் பேசக்கூடாது.”

“அப்ப கதையக் குடுத்துருங்க. அந்தப் பேச்சுலதான் அவ யோசிக்கிறா.”

திரைக்கதைத் தாள்களை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்துவிட்டார். ரயிலில் அட்டன் வரை அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். “வேற யாராச்சும் வருவாங்க சார்” என்று மட்டும் சொன்னார்.

இரண்டு வருஷம் யாரும் வரவில்லை. வகுப்பில் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். வீட்டில் அடுத்த நாவலை எழுதினார். ஒரு நாளும் குறைப்பட்டுக்கொள்ளவில்லை. மூன்றாம் வருஷம் ஓர் இளம் இயக்குநர் தேடி வந்து, ஒரு வசனத்தையும் மாற்றாமல் எடுத்தார்.

படம் அட்டனுக்கு வந்தபோது தோட்டத்திலிருந்து ஒரு பஸ் நிறையப் போனோம். கதாநாயகி பொலிஸ்காரரிடம் எங்கள் பேச்சில் முதல் கேள்வியைக் கேட்டதும், விசிலடித்துக்கொண்டிருந்தவர்கள்கூட அடங்கிவிட்டார்கள். அந்த அமைதியை என்னால் மறக்க முடியவில்லை.

வெளியே வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“நடுவுல அந்த பங்களா சீன் ரொம்ப நீளம் சார்” என்றார். “அடுத்ததுல பாத்துக்கணும்.”

அடுத்ததை எழுதத்தான் அவர் பள்ளிக்கூட வேலையை விட்டார்.